வண்டி கட்டிப் புறப்படுமுன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மேலை நாடுகளில் விடுமுறை வந்துவிட்டால் மக்கள் ஒரு சிறு வீட்டையே காரின் பின்னால் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். கேம்பர் டிரெய்லர் என்று அதற்குப் பெயர். ஆஸ்திரேலியாவில் இந்தப் பழக்கம் மிகுதி. இதைக் கேட்டு நாம் வியப்படைய வேண்டியதில்லை. உருளும் வீடு தமிழனுக்குப் புதியதன்று. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உமணரின் உப்பு வண்டியைக் காட்டுகிறார். அந்த வண்டிக்குக் கூரை உண்டு, கோழிக்கூடு உண்டு. சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. காடி வைத்த கலமும் கூடவே பயணம் செய்கிறது. குழந்தையை வைத்திருக்கும் பெண் மாட்டை ஓட்ட, வலுவான ஆண்கள் பக்கத்தில் காவலாக நடந்து வருகிறார்கள். கேம்பர் டிரெய்லருக்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

இதோடு நில்லாமல், புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் ஒரு செய்தி தருகிறார். போகும் வழியில் மேடு பள்ளம் எப்படியிருக்குமோ என்று எண்ணி, உமணர் தம் வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டி வைத்திருப்பார்களாம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். இன்று நம் லாரி ஓட்டுநர்கள் ஸ்டெப்னி என்று சொல்வது இதைத்தான்.

எங்கள் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து ஆடி மாதத்தில் அழகர்கோயிலுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போய், வழியில் இரவு தங்கி, கோயிலடியிலும் தங்கித் திரும்பும் குடும்பங்கள் இன்னும் சில உண்டு. விடுதி நண்பர்கள் சிலர் வரும் ஆடிக்கு எங்களோடு வர ஆசைப்பட்டு, என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களை முன்னிட்டே இக்கட்டுரை. என் தந்தையார் பள்ளிக்கூடம் போகாதவர். வண்டியோட்டம் அவர் தொழில். நான் இங்கே சொல்லப்போவதில் செய்தி அவருடையது, கணக்கு மட்டும் என்னுடையது.

முதலில் பார்க்க வேண்டியது சக்கரம். எங்கள் பக்கத்து வண்டிச் சக்கரத்தில் நடுவே குடம், அதிலிருந்து 12 ஆரக்கால்கள், அவற்றின் நுனியில் 6 வட்டைகள், எல்லாவற்றையும் சுற்றி இரும்புப் பட்டா. இத்தனை மரத்துண்டுகளை ஆணியோ பசையோ பிடித்திருக்கவில்லை. பட்டாவின் இறுக்கமே பிடித்திருக்கிறது. பட்டாவைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாக அடித்து, வறட்டி அடுக்கித் தீ மூட்டிப் பழுக்கக் காய்ச்சுவார்கள். இரும்பு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு டிகிரி சென்டிகிரேடுக்கும் ஏறக்குறைய 0.012 மில்லிமீட்டர் நீளும். 1.5 மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் பட்டா 4.7 மீட்டர் நீளம். வெப்பம் 500 டிகிரி கூடினால் அது 28 மில்லிமீட்டர் நீண்டுவிடும். அந்த நேரத்தில் இடுக்கியால் தூக்கி மரச்சக்கரத்தின் மேல் இறக்கித் தண்ணீரை ஊற்றினால், இரும்பு சுருங்கி ஆறு வட்டைகளையும் ஒன்றாக நெரித்துப் பிடித்துக்கொள்ளும். விரிவுக் குணகத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் எந்தப் பாடநூலிலும் காணவில்லை.

ஆனால் கோடை வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும். இரும்பு அப்படியே இருக்கும். ஆகவே சித்திரை, வைகாசி கழிந்து ஆடியில் புறப்படும்போது சக்கரம் தளர்ந்திருப்பதற்கு வாய்ப்பு அதிகம். சக்கரத்தைக் கழற்றிப் பட்டாவை ஒரு கல்லால் தட்டிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் ஓசை கணீரென்று வரும். தளர்ந்திருந்தால் சத்தம் மங்கி, ஆரக்கால் முனையில் அசைவும் தெரியும். சிறிய தளர்ச்சி என்றால் இரண்டு நாள் சக்கரத்தைக் குளத்திலோ தொட்டியிலோ ஊறப் போட்டாலே போதும். மரம் நாரின் நீளவாக்கில் அதிகம் ஊதாது, குறுக்குவாக்கில் நன்றாக ஊதும். குடம் ஊதி ஆரக்காலைப் பிடிக்கும். வட்டை ஊதிப் பட்டாவை நெருக்கும். பெரிய தளர்ச்சி என்றால் ஆசாரியிடம் போவதைத் தவிர வேறு வழியில்லை. தகரத்தை மடித்து இடுக்கில் செருகிச் சமாளிப்பவர்கள் உண்டு. ஊருக்குள் சாணி அடிக்க அது சரி, ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு ஆகாது.

அடுத்தது இருசு. இருசும் குடமும் உராயும் இடத்தில் வண்டி மை இட வேண்டும். வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த மை அது. ஏன் விளக்கெண்ணெய், கடலை எண்ணெய் ஆகாதா என்று வேதியியல் நண்பர் ஒருவர் கேட்டார். விளக்கெண்ணெயின் பாகுநிலை கடலை எண்ணெயைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. அதிலுள்ள கொழுப்பு அமிலத்தில் பெரும்பகுதி ரிசினோலியிக் அமிலம். அதன் ஹைட்ராக்சில் தொகுதி மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்து, எளிதில் வழிந்தோடாமல் செய்கிறது. முதல் உலகப் போர்க்கால விமான எஞ்சின்களுக்கும் விளக்கெண்ணெயே ஊற்றினார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே அந்த எண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். இப்போது கடையில் கிரீஸ் கிடைக்கிறது, அதையே இடலாம். ஆனால் பழைய மையை மண்ணோடு சேர்த்து வழித்துத் துடைத்துவிட்டே புதியதை இட வேண்டும். மண் கலந்த மசகு உப்புத்தாளைப்போல் இருசைத் தேய்த்துவிடும். கடையாணியின் சிறுமை கண்டு அதை விட்டுவிடக் கூடாது என்பதை வள்ளுவர் படித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கையில் உபரியாக இரண்டு கடையாணி எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிதான் முக்கியமான செய்தி. வண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்று இரண்டு சொல் சொல்வார்கள். இரண்டு சக்கர வண்டி ஒரு நெம்புகோல். இருசு அதன் ஆதாரப்புள்ளி. சுமையின் புவியீர்ப்பு மையம் இருசுக்கு முன்னால் இருந்தால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்னால் இருந்தால் பின்பாரம். நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இரண்டுமே மாட்டுக்கு வேதனை. வண்டியில் இருப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. அவர்கள் பாட்டுக்கு வெற்றிலை போட்டுக்கொண்டு வருவார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுமையும் வண்டியின் மேல்கட்டும் சேர்ந்து 600 கிலோ என்றும், இருசிலிருந்து நுகத்தடி 3 மீட்டர் தூரம் என்றும் கொள்வோம். மையம் இருசுக்கு 10 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் நுகத்தின்மேல் இறங்குவது 20 கிலோ. இரண்டு மாடும் பங்கிட்டால் ஆளுக்குப் பத்து. இது பொறுக்கத்தக்கது. 30 சென்டிமீட்டர் முன்னால் போய்விட்டாலோ 60 கிலோ! ஒரு முழு ஆள் இரண்டு கழுத்தின்மேல் நாள் முழுதும் உட்கார்ந்து வருவதற்குச் சமம். வண்டிக்குள் இருக்கும் 60 கிலோ எடையுள்ள ஒருவர் பின்புறத்திலிருந்து ஒரு மீட்டர் முன்னுக்கு நகர்ந்து வேடிக்கை பார்க்க உட்கார்ந்தால், அவர் ஒருவராலேயே 20 கிலோ கூடிவிடுகிறது. "அசையாம உட்காருங்கடா" என்று அப்பா எங்களை அதட்டியது எங்களை அடக்குவதற்காக என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். திருப்புத்திறன் பாடம் நடந்த அன்றுதான் அது மாட்டுக்காகச் சொன்னது என்று விளங்கியது.

மேட்டிலும் இறக்கத்திலும் இந்தக் கணக்கு மாறும். சுமையின் மையம் இருசுக்கு 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 10 டிகிரி இறக்கத்தில் அது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் முன்னுக்குச் சாயும். நுகத்தில் இன்னும் 20 கிலோ கூடும். ஏற்றத்தில் அதே அளவு பின்னுக்குச் சாயும். ஏற்றத்தில் வண்டிக்காரர் ஏர்க்கால்மேல் முன்னுக்கு நகர்ந்து உட்காருவதும், இறக்கத்தில் எல்லாரையும் இறங்கி நடக்கச் சொல்வதும் இதனால்தான். அரிசி மூட்டை, அண்டா, உரல் போன்ற கனத்த பொருள்கள் தரைப்பலகையில், இருசுக்கு நேர்மேலே இருக்க வேண்டும். கூண்டின் மேல் எதையும் ஏற்றக் கூடாது. பாய், தலையணை வேண்டுமானால் வைக்கலாம்.

ஆஸ்திரேலியர்கள் தம் டிரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கிமேல் இறங்கும்படி ஏற்றுகிறார்கள். பின்பாரமாகிவிட்டால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டி, காரையே கவிழ்த்துவிடும். நம் வண்டிக்கு அந்த வேகமும் இல்லை, மாட்டின் கழுத்து எஃகுக் கொக்கியும் அன்று. ஆகவே நாம் வைக்க வேண்டியது சிறு முன்பாரமே. மாடு பூட்டுமுன் முழுச் சுமையோடும், எல்லாரும் ஏறி உட்கார்ந்த நிலையிலும் ஓர் ஆள் நுகத்தடியை இரு கையாலும் தூக்கிப் பார்க்கட்டும். சிரமமில்லாமல் தூக்க முடிந்தால் புறப்படலாம். நுகம் தானே மேலே எழும்பினாலும், தூக்கவே முடியாவிட்டாலும் சுமையை மாற்றி அடுக்க வேண்டும்.

மாட்டைப் பற்றி இன்னும் இரண்டு சொல். 1965ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி வண்டி மாட்டை ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலும், இடைவிடாமல் 5 மணி நேரத்துக்கு மேலும் ஓட்டக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. ஆணி வைத்த தார்க்குச்சிக்கும் தடை உண்டு. இந்த விதியைப் படித்தறியாத வண்டிக்காரர்களும் உச்சிவெயிலில் அவிழ்த்துக் கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். சட்டம் தெரிந்தும் மணல் வண்டியை மத்தியானத்தில் ஓட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். லாடத்தைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே அடித்துவிட வேண்டும். முந்தின நாள் அடித்து ஓர் ஆணி ஆழமாக இறங்கியிருந்தால் வழியில்தான் தெரியவரும்.

இரவுத் தங்கலுக்கு இடம் பார்க்கும்போது ஓடை மணல் மெத்தென்று அழைக்கும். அங்கே தங்கக் கூடாது. மேற்கே எங்கோ பெய்த மழை நள்ளிரவில் வந்து சேரும். சற்று மேடான, கிளை காய்ந்து தொங்காத மரத்தடி நல்லது. மரம் இரவில் கரியமில வாயு விடும், அடியில் படுக்காதே என்பார்கள். அது விடும் அளவு, பக்கத்தில் குறட்டை விடுபவர் வெளிவிடுவதைவிடக் குறைவு. அஞ்ச வேண்டியது ஒடிந்து விழும் கிளைக்குத்தான். மாட்டை அவிழ்க்குமுன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஏர்க்காலுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, வண்டியின் பின்புறத்துக்கும் ஒரு முட்டுக் கொடுக்க வேண்டும். பின்முட்டு இல்லாமல் நான்கு பேர் பின்பக்கமாக ஏறினால் வண்டி குடை சாய்ந்துவிடும்.

படுக்க மிக நல்ல இடம் வண்டிக்கு அடியில்தான் என்பேன். தெளிந்த வானத்துக்கு நேராக இருக்கும் பொருள்கள் இரவில் தம் வெப்பத்தை வானுக்குக் கதிர்வீசிக் குளிர்ந்துவிடும். அவற்றின்மேல்தான் பனி இறங்கும். வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் 1814இல் பனித்துளி பற்றி ஒரு நூலே எழுதினார். தலைக்கு மேல் வண்டிப்பலகை இருந்தால் அந்த இழப்பு இல்லை. கீழே தரை வெப்பத்தை உறிஞ்சும். எனவே போர்வை ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை, அடியில் வைக்கோல் தாராளமாகப் பரப்பி, மேலே சாக்கு விரியுங்கள். வைக்கோலுக்குள் சிக்கிய காற்றுத்தான் உண்மையான மெத்தை. பரப்புமுன் உதறிப் பார்க்க மறக்க வேண்டாம். தேளுக்கும் அந்த மெத்தை பிடிக்கும்.

சோற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புளிச்சோறு இரண்டு நாள் தாங்கும், தாய்மார்கள் அறிவார்கள். அடுப்பு மட்டும் காற்று வீசும் பக்கத்துக்கு எதிர்ப்புறம், வைக்கோலிலிருந்து தள்ளி இருக்கட்டும். மழை வந்தால் கூண்டின் இருபுறமும் படுதாவால் மூடி, உள்ளே குளிர்காயக் கரிச்சட்டி வைக்கும் ஆசை வரும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். அரைகுறையாக எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாகப் பற்றிக்கொள்ளும். தூங்கியவர் எழாமலே போய்விடுவார். படுதா போட்டாலும் முன்னும் பின்னும் ஒரு சாண் திறந்திருக்க வேண்டும்.

சாலை அன்றுபோல் இல்லை. நான்கு வழிச்சாலையில் வரும் லாரிக்காரருக்கு வண்டியடியில் தொங்கும் அரிக்கேன் விளக்கு கண்ணில் படாது. வண்டியின் பின்கட்டையில் சிவப்பு ஒளிரும் பட்டை ஒட்டியாக வேண்டும். முடிந்தவரை ஊர்ச்சாலை வழியே போவதும், இருட்டுமுன் அவிழ்த்துவிடுவதும் நல்லது.

விடிந்ததும் காப்பிக்கு முன் மாட்டின் கழுத்தைத் தடவிப் பாருங்கள். நுகம் பட்ட இடம் சூடாகவோ, வீங்கியோ, தோல் உரிந்தோ இருந்தால் அந்த மாடு அன்றைக்கு நுகத்துக்கு ஆகாது. கால்நடை மருத்துவரைத் தேட வேண்டும். மாற்று மாடு கிடைக்கும்வரை வண்டி அங்கேயே நிற்க வேண்டும். தேர் போய்விடுமே என்று பெரியவர்கள் அவசரப்படுத்துவார்கள். அப்போது அவர்களைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, இளைஞர்கள் இரண்டு பேர் மாட்டோடு தங்கிவிடுங்கள்.