முதியோர் சங்கமும் நிர்வாகக் குழுவின் பொறுப்பும்

ஊரை விட்டுப் புறப்படும்போது விதை நெல்லை மூட்டை கட்டி எடுத்து வரலாம். மாட்டையும் ஓட்டி வரலாம். அயலவரை எடுத்து வர முடியாது. இடம்பெயர்ந்த குடும்பங்களில் இந்த இழப்பைக் கூடுதலாக உணர்பவர்கள் முதியவர்களே. பழைய ஊரில் ஒரு பாட்டி இரண்டு நாள் கிணற்றடிக்கு வராவிட்டால், மூன்றாம் நாள் யாராவது வாசலில் வந்து கூப்பிடுவார்கள். புதிய குடியிருப்பில் அப்படியில்லை. மகனும் மருமகளும் விடியற்காலையில் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் பாடசாலைக்குப் போவார்கள். வீட்டில் இருக்கும் முதியவர் சாப்பிட்டாரா, மருந்து எடுத்தாரா என்பதைக் கவனிக்க ஆள் இருப்பதில்லை.

இதற்கு ஒரு முதியோர் சங்கம் வேண்டும் என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் அதை யார் நடத்துவது என்று கேட்டவுடன் கூட்டம் அமைதியாகிவிடும். சம்பளம் இல்லை. நேரம் செலவாகும். குறை சொல்லவும் ஆட்கள் இருப்பார்கள். அப்படியானால் இந்தப் பொறுப்பை எப்படி ஏற்பது, ஏற்றபின் எப்படி நடத்துவது? உக்குவளைப் பகுதியிலும் அயலிலும் குடியேறியிருக்கும் கமக்காரக் குடும்பங்களை மனதில் வைத்து இதை விளக்க முயல்கிறோம்.

சட்டம் தந்துள்ள இடம்

1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 6.6 பேர். 2012 இல் அது 12.4 ஆக உயர்ந்தது. எனவே முதியோர் நலனை வீட்டுக்கு வீடு தனித்தனியே பார்த்துக்கொள்ளும் காலம் கடந்துவிட்டது. 1986 இல் தொடங்கப்பட்ட ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்கா என்னும் தொண்டு நிறுவனம் கிராமங்களில் முதியோர் குழுக்கள் உருவாக உதவியது. பின்னர் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாத்தல் சட்டம் வந்தது. முதியோருக்கான தேசிய சபையும் தேசிய செயலகமும் அச்சட்டத்தின் கீழ் அமைந்தவை. கிராம உத்தியோகத்தர் பிரிவு, பிரதேச செயலகப் பிரிவு, மாவட்டம், மாகாணம் என நான்கு மட்டங்களில் முதியோர் குழுக்கள் அமைக்கப்பட்டன. மக்கள் இவற்றை முதியோர் சங்கம் என்றே அழைக்கிறார்கள்.

மாத்தளை மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளில் உக்குவளையும் ஒன்று. ஆகவே புதிதாக ஒரு சங்கம் தொடங்குமுன், உங்கள் பிரிவில் ஏற்கெனவே ஒரு சங்கம் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இருந்தால் அதில் சேருங்கள். வந்து குடியேறியவர்கள் தனியாக ஒன்று, பழைய ஊரவர் தனியாக ஒன்று என்று பிரிந்தால் இரண்டுமே மெலிந்துபோகும். அதோடு, சங்கத்தில் ஒன்றாக உட்காருவதே புதிய ஊரில் அயலவரைத் தேடிக்கொள்வதற்கு நல்ல வழி.

கடைசி வயலைப் பாருங்கள்

பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே உக்குவளைக்கு வருகிறது. 1976 இலிருந்து இங்குள்ள மின்நிலையத்தில் மின்சாரம் தந்துவிட்டு, சுது கங்கையில் சேர்ந்து வரண்ட வலயத்து வயல்களை நோக்கிப் போகிறது. எத்தனை பெரிய திட்டம்! ஆனாலும் வயலில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு ஒன்று தெரியும். மதகுக்குப் பக்கத்து வயலுக்கு எப்படியும் நீர் கிடைத்துவிடும். வாய்க்காலின் கடைசி வயலுக்கு நீர் போய்ச் சேர்ந்ததா என்பதைக் கொண்டுதான் வட்டவிதானையை மதிப்பிட வேண்டும்.

சட்டமும் கொடுப்பனவும் அந்தச் சுரங்கத்தைப் போன்றவை. அவற்றைக் கடைசி வீடு வரை கொண்டுபோக ஊருக்குள் ஆள் வேண்டும். அந்த வேலைதான் நிர்வாகக் குழுவுடையது. கூட்டத்துக்கு வருபவர்கள் நடக்கக் கூடியவர்கள், பேசக் கூடியவர்கள். அவர்கள் மதகுக்குப் பக்கத்து வயல்கள். படுக்கையில் கிடப்பவர், காது கேளாதவர், கணவனை இழந்து தனியே இருப்பவர், மொழி தெரியாதவர் ஆகியோர் கடைசி வயல்கள். ஒரு சங்கம் நன்றாக நடக்கிறதா என்பதை அவர்களைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

யார் என்ன செய்வது?

தலைவர் கூட்டத்தை நடத்துபவர். அவரே முழு நேரமும் பேசினால் அது கூட்டமாகாது. பேசாதவரைப் பேச வைப்பதே அவரது திறமை. "இந்த மாதம் நாம் யாரைக் காணவில்லை?" என்ற கேள்வியை ஒவ்வொரு கூட்டத்திலும் முதலாவதாக அவர் கேட்கட்டும்.

செயலாளர் அங்கத்தவர் பதிவேட்டையும் கூட்ட அறிக்கையையும் வைத்திருப்பவர். தீர்மானம் என்ன, அதை யார், எந்தத் திகதிக்குள் செய்வது ஆகிய மூன்றும் அறிக்கையில் இருந்தால் போதும். அடுத்த கூட்டத்தில் அதை வாசித்து, நடந்ததா என்று பார்க்க வேண்டும்.

பொருளாளர் காசுக்குப் பொறுப்பானவர். அவரைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

மற்றைய குழு உறுப்பினர்களுக்குப் பெயர் மட்டும் போதாது, வேலையும் வேண்டும். குடியிருப்பைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொருவரும் எட்டு அல்லது பத்து வீடுகளைப் பொறுப்பேற்கலாம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அவ்வீடுகளுக்குப் போய் வருவது பெரிய சுமையல்ல. ஒருவரே முழு ஊரையும் சுற்றுவதென்றால் மூன்றாம் மாதம் களைத்துவிடுவார்.

நாட்கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய உலை கொதிக்காது. இதை எண்ணாமல் வேலை நாட்களில் கூட்டம் வைத்தால், பொறுப்புகள் எல்லாம் கடை வைத்திருப்பவரிடமும் ஓய்வூதியம் பெறுபவரிடமும் போய்ச் சேரும். அவர்கள் நல்லவர்களாக இருக்கலாம். ஆனாலும் ஏழையின் சிரமம் ஏழைக்கே முதலில் தெரியும். ஆகவே எல்லோரும் வரக்கூடிய நாளையும் நேரத்தையும் தெரிவு செய்யுங்கள். சங்க வேலையாகப் பிரதேச செயலகம் போய் வருபவருக்கு பஸ் காசைச் சங்கம் கொடுக்கட்டும். தொண்டு என்பதற்காக ஒருவர் கைக்காசையும் இழக்க வேண்டியதில்லை.

பெரும்பான்மையான பதவிகள் முதியோரிடமே இருக்க வேண்டும். எழுதவும் கைத்தொலைபேசியில் விபரம் பார்க்கவும் இளையவர் ஒருவர் அல்லது இருவர் துணையாக இருக்கலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டுக் கரையோரத்தில் ஹெல்ப்ஏஜ் இந்தியா முதியோர் சுய உதவிக் குழுக்களை உருவாக்கியது. எல்லாம் இழந்த முதியவர்கள் தாமே கூடித் தமது அலுவல்களைப் பார்க்க முடியும் என்பதை அவை காட்டின.

காசும் கணக்கும்

சங்கங்கள் உடைவது பெரும்பாலும் காசினால்தான். தொகை சிறிதாக இருந்தாலும் சந்தேகம் பெரிதாகிவிடும். எனவே பின்வரும் ஒழுங்குகளை முதல் நாளே யாப்பில் எழுதி வையுங்கள்.

1. சங்கத்தின் காசு சங்கத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். எவருடைய சொந்தக் கணக்கிலும் இருக்கக் கூடாது.

2. காசு எடுக்க இருவர் கையொப்பமிட வேண்டும். அவ்விருவரும் ஒரே குடும்பத்தவராக இருக்கக் கூடாது.

3. சந்தா வாங்கினால் பற்றுச்சீட்டு, செலவு செய்தால் பற்றுச்சீட்டு. பத்து ரூபாவானாலும் காசேட்டில் பதிய வேண்டும்.

4. ஒவ்வொரு கூட்டத்திலும் கணக்கை உரத்து வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கும் அது கேட்க வேண்டும்.

5. வருடம் ஒருமுறை, குழுவில் இல்லாத ஒருவர் கணக்கைப் பார்க்க வேண்டும்.

6. உதவி கொடுக்கும் பட்டியலில் குழு உறுப்பினரின் உறவினர் இருந்தால், அவ்விடயம் பேசப்படும்போது அந்த உறுப்பினர் வெளியே இருக்க வேண்டும்.

இன்னுமொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். முதியவரின் வங்கிப் புத்தகத்தையோ வங்கி அட்டையையோ இரகசிய இலக்கத்தையோ குழு உறுப்பினர் எவரும் வைத்திருக்கக் கூடாது. "நான் எடுத்துத் தருகிறேன்" என்பது நல்ல எண்ணத்தில் சொல்லப்பட்டதாக இருக்கலாம். ஆனால் அது பழகிவிட்டால் முதியவர் தமது காசுக்கே பிறரிடம் கேட்டு நிற்பவராகிவிடுவார். வங்கிக்குக் கூட்டிப் போங்கள், பக்கத்தில் நில்லுங்கள், காசை அவர் கையால் வாங்கட்டும்.

இடம்பெயர்ந்தவர்களின் பத்திரங்கள்

70 வயதைக் கடந்த, வருமானம் குறைந்த முதியோருக்கான கொடுப்பனவு 2012 இல் மாதம் 1000 ரூபாவாகத் தொடங்கியது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 3000 ரூபாவிலிருந்து 5000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மருந்துக்கும் பால்மாவுக்கும் இது பெரிய உதவி. ஆனால் பெயர் பட்டியலில் இருந்தால்தான் கிடைக்கும். பெயர் பட்டியலில் ஏற விலாசமும் அடையாள அட்டையும் வேண்டும். இடம்பெயர்ந்த முதியவர் தடுமாறுவது இங்கேதான்.

எனவே குழு முதல் மூன்று மாதங்களுக்குள் ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிக் கீழ்வருவனவற்றை எழுதி வைக்கட்டும்: தேசிய அடையாள அட்டை இருக்கிறதா? பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருக்கிறதா, இல்லையேல் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாமா? புதிய கிராம உத்தியோகத்தரிடம் பதிவு ஆகியிருக்கிறதா? 60 வயதானோருக்கான முதியோர் அடையாள அட்டை எடுத்தாயிற்றா? தோட்டத்தில் வேலை செய்தவராயின் ஊழியர் சேமலாப நிதிப் பணம் முழுதும் கிடைத்ததா? 1987 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த விவசாயிகள் ஓய்வூதியத் திட்டத்துக்குக் காசு கட்டியவரா? கட்டியிருந்தால் பழைய அட்டையுடன் கமநல சேவை நிலையத்தில் கேட்க வேண்டும்.

அலுவலகத்துக்குப் போகுமுன் இப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு போனால் ஒரே வேலைக்கு மூன்று முறை அலைய வேண்டியிராது. முதியவரின் மூலப் பத்திரங்களைக் குழு வாங்கி வைக்க வேண்டாம், பிரதியே போதும்.

மொழியும் பெண்களும்

உக்குவளையில் சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் கலந்து வாழ்கிறார்கள். கூட்டம் ஒரு மொழியில் மட்டும் நடந்தால் மற்றவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார், என்ன தீர்மானம் என்று அவருக்குத் தெரியாது. இரு மொழியும் தெரிந்த ஒருவரை மொழிபெயர்க்க அமர்த்துங்கள். அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உள்ள உரிமையை 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் உறுதிசெய்திருக்கிறது. செயலாளர் இதை அறிந்திருக்க வேண்டும்.

முதியோரில் பெண்களே அதிகம். கூட்டத்தில் முன்வரிசையில் இருப்பவர்களோ பெரும்பாலும் ஆண்கள். வியட்நாமில் 2006 முதல் வளர்ந்த தலைமுறைகளுக்கிடையிலான சுய உதவிக் கழகங்களில் பெரும்பான்மை உறுப்பினர் பெண்களாக இருக்க வேண்டும் என்ற ஒழுங்கு உண்டு. ஐவர் கொண்ட நிர்வாகக் குழு அவற்றை நடத்துகிறது. நமது சங்கங்களிலும் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். தேநீர் ஊற்றுவது மட்டும் அவர்களது பங்கு ஆகிவிடக் கூடாது.

வீட்டுக்குள் நடக்கும் குறை

பிள்ளைகளே கவனியாமல் விட்டால் குழு என்ன செய்வது? பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்று 2000 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத முதியவர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கேட்டுப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்தப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு குழு ஓடக் கூடாது. முதலில் முதியவரைத் தனியே சந்தித்து அவர் விருப்பத்தைக் கேளுங்கள். பின்னர் பிள்ளையோடும் பேசுங்கள். வேலையும் காணியும் இழந்த மகன், மனம் கல்லானதால் மட்டும் தாயைக் கவனியாமல் இருக்கிறான் என்று முடிவு கட்டாதீர்கள். அடி, பட்டினி, பணப் பறிப்பு என்று தெரிந்தால் தாமதம் வேண்டாம், பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் உடனே சொல்லுங்கள். கேள்விப்பட்டதைத் தெருவில் பேசாமல் இருப்பதும் குழுவின் கடமை.

பதவியைக் கையளித்தல்

ஒரே ஆள் பத்து வருடம் தலைவராக இருந்தால், "அவர் இல்லாவிட்டால் சங்கமே இல்லை" என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் அது அந்தச் சங்கத்தின் பலவீனம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தெரிவு, ஒரே பதவியில் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் இல்லை என்று யாப்பில் எழுதலாம். விலகுபவர் புத்தகங்களையும் கணக்கையும் எல்லோர் முன்னிலையிலும் ஒப்படைத்து, அடுத்தவருக்கு மூன்று மாதம் துணை நிற்கட்டும்.

காணியை இழந்தாலும் ஒன்றுகூடி வேலை செய்யும் பழக்கத்தை நாம் இழக்கவில்லை. வாய்க்கால் வெட்ட ஒன்றுகூடிய கைகள், முதியவரின் வாசலைத் தட்டவும் ஒன்றுகூடலாம்.

குழுவாகப் பேசிப் பார்க்க

1. எமது குடியிருப்பில் 60 வயதைக் கடந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேரின் பெயர் எமக்குத் தெரியும்?

2. எமது வாய்க்காலின் "கடைசி வயல்" எந்த வீடு? அங்கு கடைசியாக யார், எப்போது போனார்கள்?

3. கொடுப்பனவுக்குத் தகுதியிருந்தும் பத்திரம் இல்லாததால் பெறாதவர் யார்? அடுத்த கூட்டத்துக்கு முன் அவருக்காக ஒருவர் செய்யக்கூடிய ஒரு வேலை எது?