பொன்னும் பாதரசமும் பழப்புளியும்

வட இலங்கைத் தொண்டைமானாற்று உப்புக்காற்று எந்த விளக்கையும் விட்டுவைக்காது. செல்வச்சந்நிதி முருகன் முன் எரியும் விளக்கானாலும் சாமியறைக் குத்துவிளக்கானாலும், சில நாள் கைபடாமல் விட்டால் கறுத்துப்போகும். வெள்ளிக்கிழமைக்கு முன் பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்குவது அதனால்தான். 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் நகரக் கைவினைஞர்கள் இதே கறுப்பை வேறு விதமாக வென்றார்கள். வெண்கல விளக்குகளின் மேல் தங்கத்தையே ஏற்றிவிட்டார்கள்.

பிரபுக்களின் மாளிகைச் சுவர்களில் சோடி சோடியாக மாட்டிய மெழுகுதிரி விளக்குகள் அவை. சுவரோடு ஒட்டிய தண்டிலிருந்து இரண்டு மூன்று கைகள் வளைந்து வரும். மன்னர் பதினைந்தாம் லூயி காலத்து விளக்கில் இலைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுருளும். பதினாறாம் லூயி காலத்தில் கிரேக்க, உரோமச் சாயலோடு எல்லாம் நிமிர்ந்து சீராகிவிடும். மின்சாரம் இல்லாத இரவில் சிறு சுடரின் ஒளியை வாங்கி அறைக்குள் திருப்பி அனுப்பியது அந்தப் பொன். அதை வெறும் ஆடம்பரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

வார்ப்போடு பாதி வேலைகூட முடியாது. அச்சிலிருந்து சொரசொரப்பாக வரும் வெண்கலத்தில் இலையின் நரம்பையும் இதழின் விளிம்பையும் சிற்றுளியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பிறகுதான் பூச்சு. தங்கத்தைப் பாதரசத்தோடு சேர்த்து வெண்ணெய்ப் பதமாக்கி, வெண்கலத்தில் தடவிக் கரிநெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிவிடும், தங்கம் உலோகத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். வழுவழுப்பான கல்லால் தேய்த்த இடம் பளபளக்கும். தேய்க்காத இடம் மங்கிய மஞ்சளாக அடங்கியிருக்கும். இந்த இரண்டையும் ஒரே இலையில் விளையாட விட்டவர் பியேர் கூத்தியேர் (1732–1813). பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் து பாரி போன்றோருக்காக உழைத்த அந்த மேதை, கடனில் மூழ்கி வறுமையில் இறந்தார்.

அவர் கொடுத்ததைவிட, பெயர் தெரியாத பூச்சுக்காரர்கள் கொடுத்த விலை பெரிது. பாதரச ஆவி நரம்பைத் தின்றது, கை நடுங்கியது, பல் ஆடியது. பொன் பூசிய வெண்கலப் பொருள்கள் செய்வித்தே செல்வம் சேர்த்த இரவ்ரியோ 1814இல் இறந்தபோது, இந்த நஞ்சிலிருந்து தொழிலாளரைக் காக்கும் வழி கண்டுபிடிப்பவருக்கு 3,000 பிராங்க் எழுதிவைத்தார். ஆவியைப் புகைபோக்கி வழியே இழுத்து வெளியேற்றும் உலையை வகுத்த வேதியியலாளர் தார்சே 1818இல் அந்தப் பரிசைப் பெற்றார். 1840களில் மின்முலாம் வந்த பிறகு பழைய முறை மெல்ல ஒடுங்கியது.

வெண்கலத்துக்குப் பொன் பூசுவது நம் தீவுக்கும் புதிதல்ல. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்த 8ஆம் நூற்றாண்டுப் பௌத்தத் தாரா தேவி சிலை பொன் பூசிய வெண்கலம்தான்; இன்று லண்டனில், பிரித்தானிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சிலைக்குப் பொன்னைக் கொடுத்த இத்தீவு, விளக்குக்குப் பொறியைக் கொடுத்தது. கேகாலை மாவட்டத்துத் தெடிகமவில் கிடைத்த 12ஆம் நூற்றாண்டுத் தூக்குவிளக்கில் யானையின் உடல்தான் எண்ணெய்க் கலம். தட்டில் எண்ணெய் இறங்கினால் காற்று உள்ளே புகுந்து எண்ணெயை வெளியே விடும்; மட்டம் ஏறியதும் வழி அடைபட்டுத் தானாக நின்றுவிடும். நம் கோயில்களில் மூலத்தானத்துக்கு முன்னால் தொங்கும் தூண்டாமணி விளக்கும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான். சுடரை அழகாக்கியவர் பிரெஞ்சுக்காரர், அணையாமல் காத்தவர் நம்மவர் என்பேன். இரண்டில் எனக்குப் பெரிதாகத் தெரிவது பின்னதே.

பழைய பிரெஞ்சு விளக்கு கைக்கு வந்தால் முதலில் அதன் முதுகைப் பாருங்கள். பாதரசப் பூச்சுக்காரர் விலையுயர்ந்த தங்கத்தைப் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் முகத்தில்தான் செலவிட்டார். பின்பக்கத்தில் வெறும் வெண்கலமும் அங்கங்கே வழிந்த பொன்னும் தெரியும். முன்னும் பின்னும் ஒரே சீராக மின்னினால் பெரும்பாலும் அது மின்முலாம். எதுவானாலும் பழப்புளியை அதன் பக்கம் கொண்டுபோகவே கூடாது. நம் பித்தளை தேய்ப்பைத் தாங்கும். அந்தப் பொன் மிக மெல்லியது, தேய்ந்துபோனால் பழைய முறையில் திரும்ப ஏற்ற அந்த நச்சு நெருப்புத்தான் வேண்டும். மென்மையான தூரிகையால் தூசி தட்டுவதே போதும்.