முருங்கை மேல் விழுந்த பழி

சென்ற பொங்கல் விழாவன்று பந்திக்குக் காத்திருந்தோம். மற்றவர்களுக்குத் தரையில் பாய். எனக்கு மட்டும் வழக்கம்போல ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலி, சின்ன மேஜை. (இந்த ராஜ மரியாதைக்குக் காரணம் என் இடுப்புதானே தவிர, பதவியோ வயதோ அல்ல என்பது பழைய அங்கத்தினர்களுக்குத் தெரியும்.) டோம்பிவிலியிலிருந்து வந்திருந்த ஓர் இளம் தாய், ஆறு வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மாமா, இவனுக்கு மூணு மாசமா முட்டி வலி. விளையாடிட்டு வந்தா தாங்கித் தாங்கி நடக்கிறான். எண்ணெய் தேய்ச்சுப் பாத்தாச்சு. முட்டிக்கு எக்ஸ்ரேயும் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லேங்கிறாங்க. வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க."

பையனை மேடை வரை நடந்து திரும்பி வரச் சொன்னேன். வந்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த நடை எனக்குத் தெரியும். ஏறக்குறைய அறுபது வருஷமாக நான் நடக்கும் நடை அது.

"முட்டியை விடுங்கம்மா. இடுப்புக்கு எக்ஸ்ரே எடுங்க. இந்த வாரமே எடுங்க" என்றேன்.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசினார். இடுப்பு மூட்டுதான். நோயின் பெயரையும் தப்பில்லாமல் சொன்னார். பிறகு சற்று நேரம் பேச்சில்லை. "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. இவனும் உங்கள மாதிரி ஆயிடுவானா?" என்று கேட்டார்.

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. ஆனால் உடனே பதில் சொல்ல வரவில்லை. "நேரில் வருகிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நேரில் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நம் குடும்பங்களில் இன்னொரு பிள்ளைக்கும் பயன்படலாம்.

எனக்கு ஏழு வயது. 1965. ஊர் அரக்கோணம். பக்கத்து வீட்டுக் கொல்லையில் இருந்த முருங்கை மரத்தில் ஏறி இரண்டு காய் பறித்துவரும்படி அம்மா அனுப்பினாள். முருங்கைக் கிளையைப் பற்றித்தான் தெரியுமே, கையோடு வந்துவிட்டது. நானும் வந்துவிட்டேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். மறுநாளே கோலி ஆடப் போய்விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து வலது முழங்கால் வலிக்கத் தொடங்கியது. நடை சாய்ந்தது. அப்பா என்னை ரேணிகுண்டா பாசஞ்சரில் ஏற்றிப் புத்தூருக்குக் கட்டுப் போட அழைத்துப் போனார். எலும்பு ஒன்றும் முறியவில்லை என்று அவர்களே சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்தது மெட்ராஸ். அங்கே ஒரு டாக்டர் முழங்காலைத் தொடாமல் என்னைப் படுக்கவைத்து, காலை மடக்கி வெளிப்பக்கம் அகட்டிப் பார்த்தார். கால் பாதியிலேயே நின்றுவிட்டது, நான் அலறினேன். இடுப்பில் நோய் இருந்தாலும் குழந்தை முழங்காலில்தான் வலி என்று சொல்லும். இரண்டு இடத்துக்கும் ஒரே நரம்புகள் கிளை பிரிந்து போவதால் வரும் ஏமாற்று இது.

1966-ல் அறுவை சிகிச்சை. தொடை எலும்பின் மேல்பகுதியை அறுத்து, கோணத்தைத் திருத்தி, தகடும் திருகாணியும் வைத்து முடுக்கினார்கள். பின்னாளில் பட்டறையில் ஃபிட்டர்கள் வேலை செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவுதான். மார்பிலிருந்து வலது கால் விரல் வரை மாவுக்கட்டு. இரண்டரை மாதம் கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். உள்ளே அரிப்பெடுத்தால் அம்மா விசிறிக் காம்பை விட்டுச் சொறிந்துவிடுவாள். அந்தச் சுகம் பிறகு எதிலும் கிடைக்கவில்லை. கட்டுப் பிரித்தபோது கால் கத்தரிக்காய்க் காம்பு மாதிரி இருந்தது. தகடு எடுக்க மறு வருஷம் இன்னொரு அறுவை. முடிவில் வலது கால் இரண்டு சென்டிமீட்டர் குட்டை.

அந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் முருங்கை நுழையவில்லை. காயும் இல்லை, கீரையும் இல்லை. அம்மா யாரிடமும் காரணம் சொன்னதில்லை. அப்பாவுக்கு முருங்கைக்காய் சாம்பார் என்றால் உயிர், ஆனால் அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

பள்ளியில் எனக்கு என்ன பட்டப்பெயர் என்று சொல்லத் தேவையில்லை. மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் 1981-ல் ரயில்வேயில் சேர்ந்தேன். மாட்டுங்கா பட்டறையில் டிராயிங் ஆபீஸ் உத்தியோகம். ரயில் பெட்டிகளைக் கழற்றிப் பழுது பார்த்துத் திரும்ப அனுப்பும் இடம். சேர்ந்த முதல் மாதமே ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. பெட்டியின் சக்கரம் புதிதாக இருக்கும்போது விட்டம் 915 மில்லிமீட்டர். ஓட ஓடத் தேயும், கடைசலில் கடைந்து கடைந்து இன்னும் குறையும். சக்கரம் சிறுத்தால் பெட்டி தாழ்ந்துவிடும், பக்கத்துப் பெட்டியின் பஃபரோடு பொருந்தாது. அதற்காக ஸ்பிரிங்குக்கு அடியில் வளையம் வளையமாகப் பாக்கிங் வைப்பார்கள். 13, 26, 38, 48 மில்லிமீட்டர் என்று கணக்கு உண்டு.

அன்று மாலையே ஸ்டேஷன் வாசலில் செருப்புத் தைப்பவரிடம் வலது செருப்பைக் கழற்றிக் கொடுத்து, அடியில் ரப்பர் வைக்கச் சொன்னேன். எவ்வளவு என்று கேட்டார். பதிமூன்று என்றேன். அதுவரை எந்த டாக்டரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் முதுகு வலி பாதி குறைந்தது.

நொண்டுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். பார்ப்பவர்களுக்கு அது கோணல். எனக்கு அது கணக்கு. ஒற்றைக் காலில் நிற்கும் அந்த நொடியில் உடம்பின் எடை இடுப்பு மூட்டுக்கு உள்பக்கம் இழுக்கிறது. மூட்டுக்கு வெளிப்பக்கத் தசை அதைச் சமன் செய்து இழுத்துப் பிடிக்கிறது. தராசு மாதிரிதான், ஆனால் தசைக்குக் கிடைத்த கை குட்டை. அதனால் அது எடையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுக்கவேண்டும். எழுபது கிலோ ஆசாமி சாதாரணமாக நடந்தாலே மூட்டின் மேல் இருநூறு கிலோ போல ஏறுகிறது. வலிக்கிற காலின் பக்கம் உடம்பைச் சாய்த்தால் எடை மூட்டுக்கு நேர் மேலே வந்துவிடும், தசைக்கு வேலை குறையும், பாரமும் குறையும். தாங்கித் தாங்கி நடப்பவன் இதைப் படித்துவிட்டு நடப்பதில்லை, உடம்பே கண்டுபிடித்துக்கொள்கிறது. ட்ரெண்டலன்பர்க் என்ற ஜெர்மன் டாக்டர் 1895-லேயே இதை எழுதி வைத்துவிட்டார்.

கைத்தடியும் அதே கணக்குதான். வலது இடுப்பில் வலி என்றால் தடி இடது கையில் இருக்கவேண்டும். நான் பல வருஷம் வலது கையில் பிடித்தேன், சினிமாவில் அப்படித்தான் பார்த்திருந்தேன். மாற்றிப் பிடித்த அன்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. தராசுப் படம் போட்டுச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இது தோன்றவில்லையே!

கல்யாணம், குழந்தைகள் எல்லாம் ஆயிற்று. மணவறையில் சம்மணம் போட முடியாததால் மணைக்குப் பதில் முக்காலி போட்டார்கள். என் மனைவி அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. முக்காலி ஆடியதைப் பற்றித்தான் சொல்வாள்.

முப்பத்தைந்து வயதைத் தாண்டியதும் வலி திரும்பி வந்தது. லோக்கலில் நிற்க முடியவில்லை. தாதர் மேம்பாலப் படிகளில் மாலைக் கூட்டம் பின்னால் நெருக்கும்போது, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்குகிறவன் எத்தனை வசவு வாங்குவான் என்பது மும்பைவாசிகளுக்குத் தெரியும். 1994-ல் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது பக்கம் பந்து பந்தாக இருந்தது. வலது பக்கம் நாய்க்குடை மாதிரி தட்டையாகப் பரந்திருந்தது. "சின்ன வயதில் பெர்த்தெஸ் வந்திருக்கிறது" என்றார். அந்தப் பெயரை அன்றுதான் முதலில் கேட்டேன்.

குழந்தையின் தொடை எலும்புப் பந்துக்குப் போகும் ரத்தம் நின்று, பந்து செத்துப்போய், பிறகு தானாகவே இரண்டு மூன்று நான்கு வருஷத்தில் மறுபடி வளர்கிற நோய் அது. பெரும்பாலும் நாலிலிருந்து எட்டு வயதுக்குள் வரும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு நாலைந்து மடங்கு அதிகம். அமெரிக்காவில் லெக், பிரான்சில் கால்வே, ஜெர்மனியில் பெர்த்தெஸ், மூவரும் தனித்தனியே 1910-ல் இதை எழுதினார்கள். எக்ஸ்ரே வருவதற்கு முன் இடுப்புக் காசம் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டியிருந்தார்கள். நம் நாட்டில் மணிப்பாலைச் சேர்ந்த டாக்டர் பெஞ்சமின் ஜோசப், உடுப்பிக் கடற்கரைப் பக்கம் இது கூடுதலாகக் காணப்படுவதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ரத்தம் ஏன் நிற்கிறது என்பதற்கு மட்டும் உலகத்தில் யாரிடமும் முடிவான பதில் இல்லை. பந்து செத்துக் கிடக்கும் காலத்தில் அது மெழுகுபோல மெத்தென்றாகிவிடும். அப்போது நசுங்காமல் கிண்ணத்துக்குள் வைத்துக் காப்பாற்றுவதுதான் வைத்தியம் எல்லாம்.

"மரத்திலிருந்து விழுந்தேனே, அதனால் வந்ததா?" என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். "விழாத பிள்ளை உண்டா? விழுந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை."

அன்று இரவே ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, தங்கை படித்துக் காட்டுவாள். எக்ஸ்ரே, ரத்தம், பந்து என்று நீட்டாமல், "அம்மா, முருங்கை மரம் காரணமில்லையாம். பெரிய டாக்டர் சொன்னார்" என்று இரண்டு வரி. பதில் வந்தது. வீட்டுச் செய்தி எல்லாம் இருந்தது, இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. 1995 பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். இலையில் முருங்கைக்காய் சாம்பார் விழுந்தது. முப்பது வருஷம் கழித்து! நான் தலை நிமிரவில்லை. அம்மா இரண்டாம் கரண்டி ஊற்றினாள். "அவருக்கும் ஒரு வாய் போட்டிருக்கலாம்" என்றாள். அப்பா காலமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

மூட்டு மாற்றும் அறுவைக்கு அப்போது எனக்கு வயது போதாது என்றார்கள். செயற்கை மூட்டும் தேயும் சாமான்தானே, இளவயதில் வைத்தால் மறுபடி மாற்றவேண்டும் என்பது அவர்கள் கவலை. வலி மாத்திரையிலேயே காலத்தை ஓட்டி, வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன். அந்த இடைவெளியில் இந்த மூட்டின் கதையைத் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர், முந்தைய மாதிரிச் செயற்கை மூட்டு ஒருவருக்குக் கிரீச்சிட்டதைக் கேட்டு, கோளாறு உராய்வில்தான் என்று பிடித்தாராம். (அந்தச் சத்தம் தாங்காமல் அவர் மனைவி எழுந்து போய்விடுவாராம்.) முதலில் டெஃப்லான் கிண்ணம் வைத்தார். சில வருஷத்திலேயே தேய்ந்து நோயாளிகள் திரும்பி வந்தார்கள். பிறகு நெசவாலைப் பல்சக்கரங்களுக்குப் பயன்பட்ட ஒரு கெட்டிப் பாலிஎதிலீன் கைக்கு வந்தது. 1962-ல் அதை வைத்தார், நிலைத்துவிட்டது. அவர் பூசிய சிமெண்டும் பசை அல்ல, இயந்திரத்தின் அடித்தளத்தில் நாம் ஊற்றுகிற கிரௌட் மாதிரி இடைவெளியை நிரப்புவது. இதைப் படித்த பிறகுதான் எனக்கு ஆபரேஷன் பயம் போயிற்று. ஃபிட்டர் வேலை தெரிந்தவர் கையில் இருக்கிறோம் என்ற தைரியம்.

2012-ல், ஐம்பத்து நாலு வயதில், மாற்றிக்கொண்டேன். எனக்கு வைத்தது சிமெண்ட் இல்லாத வகை, எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்ளும் டைட்டானியம். இரண்டாம் நாள் வாக்கர் பிடித்து எழுந்து நின்றேன். வலியில்லை என்பதைவிட வேறொன்றுதான் ஆச்சரியம். வலது கால் நீளமாகிவிட்டது என்று கத்தினேன். டாக்டர் அளந்து காட்டினார், இரண்டும் சமம். நாற்பத்தாறு வருஷம் சாய்ந்தே நின்றவனுக்கு நேராக நிற்பது சாய்வாகத் தெரிந்தது. அது சரியாக ஆறு மாதம் ஆயிற்று. செருப்பு ரப்பரை வெட்டி எடுத்தபோது பழைய நண்பனை இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. நடையில் சாய்வு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அது தசையின் பழக்கம். குந்தக் கூடாது, சம்மணம் கூடாது, தாழ்ந்த ஆசனம் கூடாது. பந்தியில் மடக்கு நாற்காலி அதனால்தான்.

அந்தத் தாய்க்கு நான் நேரில் போய்ச் சொன்னது இவ்வளவு. என்னைப்போல ஆகவேண்டும் என்று விதி இல்லை. ஆறு வயதுக்குள் பிடிபட்டால் பந்து உருண்டையாகத் திரும்ப வளர நல்ல வாய்ப்பு உண்டு, வளர இன்னும் வருஷங்கள் இருக்கின்றன. டாக்டர் சொன்ன தேதிக்குத் தவறாமல் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். குதிப்பதும் ஓடுவதும் டாக்டர் அனுமதிக்கும் வரை வேண்டாம். அப்புறம், அவன் எங்கிருந்து விழுந்தான் என்று யாரும் யோசிக்கவேண்டாம். இதைச் சொன்னதும் அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். சைக்கிள் கற்றுக்கொடுத்தது அவராம்.

போன ஞாயிறும் போயிருந்தேன். பையனுக்கு இரண்டு காலையும் அகட்டி, நடுவில் ஒரு கம்பு வைத்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். குப்புறப் படுத்தபடி என்னோடு கேரம் ஆடினான், சிவப்புக் காயையும் அடித்துவிட்டான். அரிப்புக்கு விசிறிக் காம்பு யோசனை சொல்லப் போனேன், உள்ளே எதையும் விடக்கூடாது என்று டாக்டர் கண்டித்திருக்கிறார் என்று அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். பிறகு ஸ்டிரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்:

"தாத்தா, உங்க இடுப்புல இருக்கிற இரும்பு மழையில துருப்பிடிக்காதா?"