உங்களுக்குத் தெரியுமா? துண்டைச் சுருட்டினால் இடுப்புக்குத் தலையணை

உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோருக்கு முதுகுவலி விமானத்தில் தொடங்குவதில்லை. செங்கல்பட்டு வழியாக மீனம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள்ளேயே இடுப்பு இறுகிவிடும். லண்டன் நேரடி விமானம் என்றால் அதற்கு மேல் 10 மணி நேரத்துக்கும் அதிகமாக உட்கார வேண்டும்.

1960களில் ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன் முதுகெலும்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் அதிகம் என்றார். 1999இல் வந்த ஜெர்மன் அளவீடு இதை முழுதாக ஏற்கவில்லை. தளர்வாகச் சாய்ந்தால் குறைவுதான் என்றது. ஆனால் முன்னால் குனிந்து உட்கார்ந்தால் அழுத்தம் ஏறும் என்பதில் இரண்டுக்கும் சண்டையில்லை. மடியில் செல்போனை வைத்துக் குனிந்தே இருப்பவர்கள் கவனிக்க!

இருக்கையைக் கொஞ்சம் சாய்த்து, பருத்தித் துண்டைச் சுருட்டி இடுப்பு வளைவில் வையுங்கள். பின்பாக்கெட் பர்ஸை எடுத்துவிடுங்கள். நடைபாதை ஓர இருக்கை கிடைத்தால் மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கலாம். வலி மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். பெட்டியோடு போட்டால் இறங்கும்வரை கிடைக்காது. நடக்கச் சிரமம் என்றால் சக்கர நாற்காலி வேண்டும் என 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லுங்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் இதற்குத்தான் அநியாயத்துக்குக் கூச்சப்படுகிறார்கள். கால் மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது இருந்தால் மட்டும் டிக்கெட்டைத் தள்ளிவைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.