ஊர்ப்பணியும் உடல் நலமும்: தீவகத்தில் சிரமதானம்

தீவகத்துக் கமக்காரருக்கு ஒரு காலத்தில் உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்பட்டதில்லை. துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடிக்க ஒருவர், வாய்க்காலில் தண்ணீர் மாற ஒருவர் என்று விடியப்புறமே தோட்டத்துக்கு இறைத்த நாட்களை எங்கள் மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். துலாவில் ஏறியவர் காலைப்பொழுது முழுவதும் அதன் மேல் முன்னும் பின்னும் நடந்தார். பின்னர் மண் கொத்து, வேலி அடைப்பு, மாட்டுக்குக் குழை முறிப்பு என்று வேலை தொடர்ந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்து துலா மறைந்த பின்பும் மண்வெட்டியும் அலவாங்கும் கையை விட்டுப் போகவில்லை.

1990 ஆகஸ்டிலும் 1991 ஒக்டோபரிலும் தீவகத்தில் நடந்த இராணுவ நடவடிக்கைகளோடு அந்த வாழ்க்கை அறுந்தது. மண்டைதீவு, வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆகிய இடங்களிலிருந்து குடும்பங்கள் கையில் அகப்பட்டதோடு யாழ்ப்பாணத்துக்கு வந்தன. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது, அவர்களில் பலர் இரண்டாவது தடவையாக அகதிகளானார்கள்.

இழந்த காணி, வீடு, கிணறு, மாடு, படகு ஆகியவற்றுக்கு விண்ணப்பப் படிவங்களில் இடம் இருந்தது. உழைத்துப் பழகிய உடல் உழைப்பை இழந்ததற்கு எந்தப் படிவத்திலும் இடம் இருக்கவில்லை. முகாமில் நிவாரண வரிசையில் நிற்பதே அன்றைய வேலையாக இருந்தது. கூலி வேலை அகப்பட்ட நாளில் முதுகு முறிய வேலை. அகப்படாத நாளில் பாயில் இருப்பு. மாவும் சீனியும் வெள்ளை அரிசியுமே உணவு. ஆண்டுகள் கழிந்தன. ஊர் திரும்பியவர்களும், இன்னும் உறவினர் வளவிலும் வாடகை வீட்டிலும் இருப்பவர்களும் இப்போது வைத்தியசாலைக் கிளினிக்கில் சந்திக்கிறார்கள். நீரிழிவு, உயர் குருதியமுக்கம், முழங்கால் வலி என்று அட்டைகள் தடித்துக்கொண்டு போகின்றன.

நடப்பதற்கு ஒரு காரணம்

“தினமும் அரை மணித்தியாலம் நடவுங்கள்” என்று வைத்தியர் சொல்கிறார். அது சரியான ஆலோசனைதான். வளர்ந்தவர் ஒருவர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும், வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளுக்கு வலுத் தரும் வேலையும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலும் கூறுகிறது.

ஆனால் வெறுங்கையோடு றோட்டில் நடக்க எங்கள் கமக்காரருக்குக் கூச்சம். “எங்கே போறியள்?” என்று வழியில் யாரும் கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டும். “சும்மா நடக்கிறேன்” என்பது அவருக்கு வேலை வெட்டி இல்லாதவரின் பதிலாகப் படுகிறது. இரண்டு நாள் நடந்துவிட்டு மூன்றாம் நாள் நின்றுவிடுகிறார். பெண்களுக்கு இந்தத் தயக்கம் இன்னும் அதிகம்.

இந்தப் பிரச்சினை எங்களுக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் வில்லியம் பேர்ட் என்ற வைத்தியர், உடற்பயிற்சி நிலையத்துக்குப் போக விரும்பாத நோயாளர்களை மனதில் வைத்து, 1998இல் ‘பசுமை உடற்பயிற்சிக் கூடம்’ என்ற திட்டத்தைத் தன் கிராமத்தில் ஆரம்பித்தார். அதற்குக் கட்டடமும் இல்லை, இயந்திரமும் இல்லை. மரம் நடுதல், பற்றை வெட்டுதல், நடைபாதை திருத்துதல் ஆகிய ஊர் வேலைகளே அங்கு பயிற்சி. 2009இல் இலண்டனில் தொடங்கிய வேறொரு அமைப்பைச் சேர்ந்தவர்கள், ஓடிப் பயிற்சி செய்யும் வழியில் பொதுத் தோட்டத்துக்கு மண் சுமந்து கொடுக்கிறார்கள். தனியே வாழும் முதியவரின் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சற்று நேரம் பேசிவிட்டு வருகிறார்கள். போகும் இடத்தில் ஒருவர் காத்திருக்கிறார் என்றால் கால் தானாக நடக்கும் என்பதே இவற்றின் அடிப்படை.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனித்து வாழும் முதியவர்கள் தீவகத்தில் எத்தனை பேர் என்று நாம் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? அவர்களுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பதும் வைத்தியர் சொன்ன நடையே ஆகும்.

சிரமதானம்

இங்கிலாந்தின் உதாரணத்தைப் பார்க்கும் நாம் எமது நாட்டின் அனுபவத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவர்களோடு கனத்தொலுவ என்ற கிராமத்துக்குச் சென்று, அங்குள்ள மக்களோடு தங்கி உழைத்தார். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்தே வளர்ந்தது. சிரமம் என்பது உழைப்பு, தானம் என்பது கொடை. 2024 ஏப்ரலில் ஆரியரத்ன காலமானபோது, அந்தச் சொல் நாட்டின் இரு மொழிகளிலும் வீட்டுச் சொல்லாகிவிட்டிருந்தது.

கனத்தொலுவ மக்கள் சிங்களச் சமூகம் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிவைத்த றொடியா மக்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. கொழும்பின் வசதியான வீட்டுப் பிள்ளைகள் அவர்களோடு மண் வெட்டி, அவர்களோடு உண்டதே அந்த முதல் முகாமின் பெரிய வேலை. இதைப் பற்றிப் பின்னர் மறுபடியும் பேச வேண்டியிருக்கிறது.

எந்த வேலையை எடுப்பது?

தீவகத்தில் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லினூடே இறங்கி, நிலத்தடியில் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் உவர்நீரை விட இலேசானது என்பதால் அப்படி நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளரின் பொதுக் கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழே எவ்வளவு இழக்கிறோம் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். ஆகவே குளத்திலும் கேணியிலும் தங்கும் மழைநீரே எங்கள் கிணறுகளைக் காக்கிறது.

ஐப்பசி மழைக்கு முன், ஆடி ஆவணியில், வற்றிய குளத்தின் வண்டலை அள்ளுவதுதான் முதல் வேலை. அந்த வண்டல் தோட்டத்துக்கு நல்ல பசளையும் ஆகும். ஆனால் பழைய அடித்தளத்துக்குக் கீழே தோண்ட வேண்டாம். ஆழம் கூடினால் நல்லது என்ற எண்ணம் தீவகத்தில் ஆபத்தானது. உவர் மேலே ஏறிவிட்டால் திருப்பி அனுப்ப முடியாது. குளங்களைப் பொறுத்தவரை கமநல சேவை நிலையத்திடமோ பிரதேச செயலகத்திடமோ முதலில் அனுமதி பெறுவது அவசியம்.

இரண்டாவது, ஒழுங்கைகளையும் வாய்க்கால்களையும் மழைக்கு முன் துப்புரவு செய்வது. மூன்றாவது, குளக்கட்டிலும் கடலோரத்திலும் பனம் விதை ஊன்றுவது. நெடுந்தீவில் சாந்து இல்லாமல் முருகைக்கல் அடுக்கிக் கட்டிய வேலிகள் உண்டு. சரிந்தவற்றைத் திரும்ப அடுக்குவது கைக்கும் தோளுக்கும் சிறந்த பயிற்சி. அந்தக் கலை இளைஞர் கைக்கு மாறுவதற்கும் அது வழி. இன்னும் ஊர் திரும்பாதவர்கள் தாம் இருக்கும் இடத்திலேயே தொடங்கலாம். டெங்கு நுளம்பு பெருகும் சிரட்டை, ரயர், பிளாஸ்டிக் கோப்பைகளை வாரம் ஒருமுறை சேர்த்து அகற்றுவதற்குக் காணி உறுதி தேவையில்லை.

உடலுக்கு ஏற்ற வேலை

நெடுநாள் வேலையின்றி இருந்த உடலை முதல் நாளே வருத்துவது அறிவுடைமை அல்ல. பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

காலை 6 மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறுமுன் 9 மணியளவில் முடியுங்கள். முதல் மாதம் ஒன்றரை மணித்தியாலம் போதும். அரை மணிக்கு ஒருமுறை வேலையை மாற்றுங்கள்: மண் வெட்டியவர் கடகம் சுமக்கட்டும், சுமந்தவர் மண் பரப்பட்டும். பாரம் தூக்கும்போது முழங்காலை மடித்து, பாரத்தை நெஞ்சோடு அணைத்து எழும்புங்கள். இடுப்பை வளைத்துத் தூக்க வேண்டாம். பேசிக்கொண்டு செய்யக்கூடிய வேகமே மிதமான வேகம். பேச மூச்சு இல்லையென்றால் சற்று நில்லுங்கள்.

நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு வரக் கூடாது. இருதய நோய் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ வேலையை நிறுத்தி, பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லி, தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். தண்ணீர் அடிக்கடி குடியுங்கள். வேலை முடிவில் சீனி போட்ட தேநீரை இரண்டு மூன்று தடவை குடித்தால் உழைத்த பயன் குறைந்துவிடும், இலைக்கஞ்சி நல்லது.

மூன்று ஆபத்துகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆட்கள் நெடுங்காலம் புழங்காத காணியில் அடையாளம் தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாதீர்கள். வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். இரண்டாவது, பாழ்கிணறு. அதன் அடியில் நச்சு வாயு இருக்கலாம். எண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கினால் அதன் புகையே உயிரைக் கொல்லும். அனுபவம் உள்ளவர்களைக் கொண்டே கிணறு இறைப்பியுங்கள். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அவரைத் தூக்க இன்னொருவர் குதிக்கக் கூடாது. மூன்றாவது, எலிக்காய்ச்சல். 2024 டிசம்பரில் அது யாழ் மாவட்டத்தில் பல உயிர்களைக் கொண்டுபோனது. சேற்றில் இறங்குமுன் காலில் புண் உள்ளவர்கள் விலகி நிற்க வேண்டும். மற்றவர்கள் சப்பாத்து அணிந்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையையும் பெற்றுக்கொள்ளட்டும்.

யாருடைய உழைப்பு, யாருடைய நீர்?

எமது முன்னோர் காலத்தில் எல்லாரும் கூடி உழைத்தார்கள் என்று பெருமை பேசுகிறோம். கிணறு வெட்டியவர் ஒருவராகவும், அதில் வாளி போட உரிமை பெற்றவர் வேறொருவராகவும் இருந்ததும் அதே காலத்தில்தான். இடம்பெயர்ந்து ஒரே கூரையின் கீழ் படுத்தபோது ஒரு குழாயில் தண்ணீர் பிடித்தோம். ஊர் திரும்பியதும் பழைய வேலிகளை மறுபடியும் கட்டுவதாயின் பட்ட துன்பத்தால் பயன் என்ன? எல்லாக் கைகளும் துப்புரவாக்கிய கிணற்றில் எல்லாக் கைகளும் நீர் அள்ள வேண்டும். இந்த ஒரு நிபந்தனையை வேலை தொடங்குமுன் சனசமூக நிலையத்தில் கூடி, வாய்விட்டுச் சொல்லி, கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள்.

தானம் என்ற பெயரில் கூலியைத் தின்னவும் இடம் கொடுக்கக் கூடாது. குளம், ஒழுங்கை, விளையாட்டு மைதானம், பாடசாலை வளவு ஆகியவை பொதுவானவை. அவற்றுக்கு உழைப்பைக் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவரின் தனிக்காணியைத் துப்புரவாக்குவது கூலி வேலை. அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். பிரதேச சபை செய்ய வேண்டிய வேலையை மக்கள் செய்துவிட்டால், அதை எழுத்தில் தெரிவித்து, அடுத்த வேலையைக் கேட்டுப் பெற வேண்டும். அன்றாடக் கூலியில் அடுப்பு எரியும் குடும்பத்தவர் வர முடியாவிட்டால் தண்டம் அறவிடுவது அநியாயம். பெண்கள் மண்ணும் சுமந்து கஞ்சியும் காய்ச்ச வேண்டும் என்ற வழக்கமும் மாற வேண்டும். ஒரு கிழமை ஆண்கள் காய்ச்சட்டும்.

மண்வெட்டி பிடிக்க முடியாத முதியவர்களை வீட்டில் விட்டுவிடாதீர்கள். பழைய வாய்க்கால் எந்த வழி ஓடியது, எந்தக் கேணியில் சித்திரையிலும் தண்ணீர் நின்றது என்று அறிந்தவர்கள் அவர்களே. அகதி முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தாத்தாவின் ஊர் ஒரு பெயர் மட்டுமே. அந்த ஊரின் குளத்தில் ஒரு கடகம் வண்டல் சுமந்த பிறகு அவனுக்கும் அங்கே ஒரு பங்கு உண்டாகிவிடுகிறது.

பெரிய திட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பத்துப் பேர் சேர்ந்து, மாதத்தின் முதலாவது சனிக்கிழமை காலையை இதற்கென ஒதுக்குங்கள். அன்று செய்த வேலை, வந்தவர்களின் எண்ணிக்கை, கிணற்று நீரின் மட்டம் ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். மற்றைய நாட்களில் அந்தக் குளக்கட்டு வரை நடந்துபோய் ஊன்றிய பனம் விதைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆறு மாதம் கழித்துக் கிளினிக்குக்குப் போகும்போது, அட்டையில் எழுதப்படும் அளவுகளையும் அதே கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். குளமும் உடலும் எவ்வளவு தேறின என்பதை அப்போது நீங்களே கணக்குப் பார்க்கலாம்.