தடுப்பவரின் கணக்கு

சிசிலித் தீவின் வடகரையில் இருக்கிறது பலெர்மோ நகரம். பலெர்மோவையும் கொழும்பையும் சென்னையையும் ஒரே கடலடி வடம் தொட்டுச் செல்கிறது. 2005-இல் இயங்கத் தொடங்கிய ‘சீ-மீ-வீ 4’ அது. நீளம் சுமார் 18,800 கி.மீ. கண்ணாடி இழைக்குள் நொடிக்கு இரண்டு லட்சம் கி.மீ. வேகத்தில் ஓடும் ஒளி, அந்த முழு நீளத்தையும் நொடியில் பத்திலொரு பங்குக்குள் கடந்துவிடும். பலெர்மோவில் பல்லாண்டுகளாகக் குடியிருக்கும் ஈழத்தமிழர்களுக்கு ஊர் அவ்வளவு பக்கம்.

2022 ஏப்ரல் 3-ஆம் தேதி அந்த நெருக்கம் தூரமானது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டிருந்த இலங்கையில் அன்று ஃபேஸ்புக், ட்விட்டர், வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் முடக்கப்பட்டன. கடலுக்கடியில் எதுவும் அறுபடவில்லை. இணையச் சேவை நிறுவனங்களின் வாசலில்தான் வடிகட்டி விழுந்தது.

அந்த வடிகட்டி எப்படி வேலை செய்கிறது? ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அதன் எண்முகவரி என்ன என்று நம் கருவி முதலில் விசாரிக்கும். அங்கேயே பொய் முகவரி கொடுத்து அனுப்பிவிடலாம். இது எளிய தடை. வேறிடத்தில் விசாரித்துச் சரியான முகவரியைப் பிடித்தாலும் இன்னொரு கண்ணி உண்டு. தளத்தோடு நாம் பேசுவது பூட்டப்பட்டிருந்தாலும், தொடர்பு தொடங்கும் கணத்தில் தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாகவே போகிறது. ஒட்டிய உறைக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று தபால்காரருக்குத் தெரியாது. யாருக்கு என்பது தெரியும். பெயரைப் பார்த்து உறையைக் கிழித்துப் போட அது போதும்.

விபிஎன் இந்தப் பெயரை மறைக்கிறது. எல்லாவற்றையும் பூட்டி வெளிநாட்டுச் சர்வர் ஒன்றுக்கு அனுப்ப, அங்கிருந்து அது உரிய இடம் போய்ச் சேரும். அன்று இலங்கையில் பலரும் இதைத்தான் செய்தார்கள். அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே, தாமும் விபிஎன் வழியாகத்தான் வருவதாகவும் இத்தகைய தடைகளால் பயனில்லை என்றும் ட்விட்டரில் எழுதினார். அன்றே தடை விலகியது.

பொறுமையான அரசுகள் இன்னொன்று செய்யும். விபிஎன் சர்வர்களின் முகவரிகளைத் திரட்டி ஒவ்வொன்றாக அடைக்கும். இதற்கு மறுமொழியாக வந்ததுதான், அடையாளத்தை மறைத்து இணையத்தில் உலவ உதவும் டோர் திட்டத்தின் ‘ஸ்னோஃப்ளேக்’. பலெர்மோவுக்குச் சற்றுக் கிழக்கே இருக்கும் பகேரியாவில் ஒருவர் தம் பிரவுசரில் சிறு நீட்சி ஒன்றை நிறுவினால் போதும். ஈரானில் தடைபட்டு நிற்கும் ஒருவரை அந்தக் கணினியோடு ஒரு தரகுச் சர்வர் இணைத்துவிடும். வாசலில் நிற்பவருக்கு அது வீடியோ அழைப்பின் போக்குவரத்தைப் போலவே தெரியும்; அழைப்புகள் பயன்படுத்தும் அதே வெப்ஆர்டிசி நுட்பம்தான். பகேரியாக்காரர் கணினியை அணைத்தால் வேறொருவருடையது அந்த இடத்துக்கு வரும். முகவரிகள் மாறிக்கொண்டே இருப்பதால் பட்டியல் போட்டு அடைப்பது கடினம். கடந்து போகும் செய்தியும் பகேரியாக்காரருக்குத் தெரியாது. அது பூட்டியபடியே டோரின் அடுத்தடுத்த கணுக்களுக்குப் போகிறது. போய்ச் சேரும் தளத்துக்குத் தெரிவது கடைசிக் கணுவின் முகவரி மட்டுமே.

இதுவும் உடைக்க முடியாத வித்தை அல்ல. 2021 டிசம்பரில் ரஷ்யா, ஸ்னோஃப்ளேக் தொடர்பு தொடங்கும் முறையில் உண்மையான அழைப்புகளிலிருந்து இருந்த சிறு வேறுபாட்டைக் கண்டுபிடித்துத் தடுத்தது. டோர் திட்டத்தினர் அந்த வேறுபாட்டை நீக்கிப் புதுப்பதிப்பு வெளியிட்டார்கள்.

இந்தப் போட்டியின் உயிர்நாடி பொருளாதாரம். வேண்டாததை மட்டும் தடுத்து, வங்கியும் வணிகமும் வீடியோ அழைப்பும் ஓட வேண்டும் என்பது தடுப்பவரின் ஆசை. அவர் இழக்கத் துணியாத ஒன்றின் சாயலில் ஒளிந்துகொள்வது மீறுபவரின் உத்தி.

எல்லாவற்றையும் இழக்கத் துணிந்துவிட்டால்? 2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் போராட்டத்தை ஒட்டிப் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் இறந்தார்கள். அதன்பின் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையமே துண்டிக்கப்பட்டது. ஒளிந்துகொள்ளப் போக்குவரத்தே இல்லாத இடத்தில் விபிஎன்னும் ஸ்னோஃப்ளேக்கும் கைகொடுக்காது. அங்கே வேலை வழக்கறிஞர்களுடையது. காஷ்மீரில் நடந்த இணைய முடக்கம் தொடர்பாகப் பத்திரிகையாளர் அனுராதா பசின் தொடுத்த வழக்கில், காலவரையற்ற இணைய முடக்கம் செல்லாது, உத்தரவுகளை வெளியிட்டாக வேண்டும் என்று 2020 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது. வெளியிட்ட உத்தரவை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவர்கள் வழக்காடலாம். தடுப்பவரின் கணக்கில் அதுவும் ஒரு செலவு.