அணை கட்டிய ஆற்றில் படகுத்துறை யாருக்குச் சொந்தம்?

2024 ஜூலைத் தொடக்கத்தில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் சுமார் 40 அடி. அதே மாதம் 30-ஆம் தேதி 120 அடியைத் தொட்டு அணை நிரம்பியது. டெல்டா விவசாயிகளின் வயிற்றில் பால் வார்த்த செய்தி அது. அணைக்கு மேலே, நீர்த்தேக்கத்தின் இரு கரைகளிலும் இருக்கும் பண்ணவாடி, நாகமரை, கோட்டையூர், ஒட்டனூர் மக்களுக்கோ, அந்த ஒரே மாதத்தில் படகு ஏறும் இடமே மாறிப்போனது. வெடித்துக் கிடந்த வண்டல் நிலத்தில் நெடுந்தூரம் இறங்கிப் போய்ப் பரிசல் ஏறிய இடத்துக்கு மேல் 80 அடி தண்ணீர் நின்றது.

அணையால் கட்டுப்படுத்தப்படும் ஆற்றில் படகுத்துறை நகர்ந்துகொண்டே இருக்கும். மழையை மட்டும் பார்த்து அது நகர்வதில்லை. மேலே எத்தனை மதகு திறக்கிறார்கள், கீழே எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள் என்பதைப் பொறுத்து, யாரோ எடுக்கும் முடிவால் நகர்கிறது. அப்படியானால் அந்தத் துறைக்குப் போகும் உரிமையை யார் காப்பது?

காரியாபட்டியில் இருந்துகொண்டு இதைப் பேசுவானேன் என்று கேட்கலாம். நம் குண்டாற்றில் மழைக்காலத்தில் சில நாள் தண்ணீர் ஓடினாலே பெரிது. ஆனால் நம் தண்ணீரும் அணைத் தண்ணீராகிக் கொண்டிருக்கிறது. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் தண்ணீர் நிலையூர் – கம்பிக்குடி கால்வாய் வழியாக எப்போது வரும் என்று காத்திருப்பவர்கள் நாம். மாயனூர் கதவணையிலிருந்து குண்டாறு வரை 262 கிலோமீட்டர் நீளும் காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரி 21 அன்று அடிக்கல் நாட்டினார்கள். வேறு யாரோ திறந்து மூடும் தண்ணீரோடு வாழ்வது எப்படி என்பதைக் காவிரிக்கரை மக்கள் 90 ஆண்டுகளாகப் பழகியிருக்கிறார்கள். அவர்கள் பட்டதை நாம் இப்போதே படித்துக்கொள்வது நல்லது.

மூழ்கிய சாலையின் மேல் ஒரு படகு

மேட்டூர் அணையின் வேலை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. காவேரிபுரம், நாயம்பாடி போன்ற ஊர்களின் வீடும் வயலும் கோயிலும் நீர்த்தேக்கத்துக்குள் போயின. அணை நன்றாக வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுவதும், அதைப் பார்க்கக் கூட்டம் திரள்வதும், செய்தித்தாளில் படம் வருவதும் வழக்கம். அந்தப் படங்களில் கவனிக்காமல் விடப்படுவது ஒன்று உண்டு. கோயிலோடு சேர்ந்து ஊர்களுக்கு இடையே இருந்த பாதைகளும் மூழ்கின. தர்மபுரி மாவட்டத்து நாகமரைக்கும் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடிக்கும் நடுவே இன்று படகில்தான் போக வேண்டும். அதை விட்டால் மேட்டூரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஒட்டனூர் – கோட்டையூர் பரிசல் துறையின் கதையும் இதுதான். இரு சக்கர வண்டியையும் விளைபொருளையும் ஏற்றிக்கொண்டு ஆட்கள் கடக்கிறார்கள். சுற்றுலாவாக அல்ல, சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் உறவுக்காரர் வீட்டுக்கும்.

நீர்மட்டம் 120 அடிக்கும் 40 அடிக்கும் நடுவே ஏறி இறங்கும் இடத்தில் கரையில் ஒரு கான்கிரீட் படி கட்டிவிட்டால் போதாது. நிரம்பிய நாளில் அது முங்கிவிடும், வற்றிய நாளில் தண்ணீருக்கு வெகுதூரம் மேலே நிற்கும். தேவைப்படுவது மேலிருந்து அடி வரைக்கும் இறங்கும் ஒரு நீண்ட சரிவுப் பாதை. அமெரிக்காவில் படகு இறக்கும் சரிவுகளை நூறு அடிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து அடி இறங்கும்படி அமைப்பது வழக்கம். அந்தக் கணக்கில் பார்த்தால் 80 அடி ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க 500 அடிக்கும் மேல் நீளம் வேண்டும். அத்தனை நீளத்துக்கும் நிலம் பொதுவாக இருக்க வேண்டும். நீர் வற்றிய வண்டலில் கேழ்வரகும் சோளமும் விதைப்பவர்களும் அதே நிலத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. பாதைக்கு என்று ஒரு பட்டை அளந்து கல் நட்டு விட்டிருந்தால், வற்றிய ஆண்டுகளில் வழிக்காக யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

பலரும் நினைப்பதைவிட மக்களுக்குச் சாதகமாகவே சொல்கிறது.

1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், ஆறு, ஓடை, ஏரி, கண்மாய் ஆகியவற்றின் படுகையையும் பொதுப் பாதைகளையும் அரசின் சொத்து என்று அறிவிக்கிறது. தனியார் பட்டா காட்டினால் ஒழிய ஆற்றுப் புறம்போக்கில் யாரும் வேலி போட முடியாது. அரசின் சொத்து என்றால் அரசு நினைத்தபடி யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடலாமா? கூடாது என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றின் போக்கையே ஒரு தனியார் விடுதிக்காகத் திருப்பிய வழக்கு அது, எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் என்று பெயர். ஆறு, கடற்கரை, காடு போன்றவற்றை அரசு மக்களுக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கிறது, அறங்காவலர் கோயில் சொத்தை வைத்திருப்பது போல, அதைத் தனியார் லாபத்துக்குக் கைமாற்ற முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

அடுத்தது படகு விடும் அனுமதி. சென்னை மாகாணத்தில் 1890-இலேயே கால்வாய்களுக்கும் பொதுப் படகுத்துறைகளுக்கும் தனிச் சட்டம் வந்தது. துறையைப் பொதுத்துறை என்று அறிவிப்பதும், கட்டணம் வகுப்பதும், குத்தகைக்கு விடுவதும் அந்த வழியில் வந்த நடைமுறைகள். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டிகளுக்கு உரிமம் தருவது பென்னாகரம் ஊராட்சி ஒன்றியம். 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. எந்திரம் பொருத்தாத படகுகளையும் கணக்கில் எடுத்து, அவற்றைப் பதியும் வேலையை உள்ளாட்சி வரை கொண்டுபோக அது வழிசெய்கிறது.

கரையின் உடைமை, படகு விடும் அனுமதி என்ற இந்த இரண்டையும் மக்கள் குழப்பிக்கொள்வதில்தான் வம்பு தொடங்குகிறது. துறையை ஏலம் எடுத்தவருக்குக் கிடைப்பது கட்டணம் வாங்கும் உரிமை. கரையும் பாதையும் அவருடையதாகிவிடாது. நம் பக்கத்துக் கண்மாயில் மீன்பாசி ஏலம் எடுத்தவருக்கு மீன் சொந்தம். கரையில் நடப்பவரையோ மாடு குளிப்பாட்டுபவரையோ அவர் விரட்ட முடியாது. காரியாபட்டிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். பரிசல் துறையிலும் அதே நியாயம்தான்.

ஆனால் சட்டம் எங்கே மௌனமாகிறது என்றால், துறைக்கு இறங்கும் பாதையில். படுகை பொது, படகுக்கு உரிமம் உண்டு, இடையில் இருக்கும் ஐம்பது அடிப் பாதை மட்டும் பல ஊர்களில் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. பாட்டன் காலத்திலிருந்து நடந்த வழி என்பார்கள். கிராம வரைபடத்தில் கோடு இருக்காது. பாலம் வந்ததும் படகு நிற்கிறது, ஏலம் நிற்கிறது, பாதையில் முள் முளைக்கிறது, பிறகு சுவர் முளைக்கிறது. ஒட்டனூருக்கும் கோட்டையூருக்கும் பாலம் வர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. பாலம் வந்த பிறகும் மீனவருக்கும், துணி துவைப்பவருக்கும், ஈமச் சடங்கு செய்பவருக்கும் அந்தத் துறை வேண்டும் என்பதால், பாலத்துக்கு முன்பே துறையை வரைபடத்தில் ஏற்றிவிட வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஒரு கன அடி எவ்வளவு?

ஒகேனக்கல்லில் பரிசல் இன்று ஓடுமா என்பதை அறிய பிலிகுண்டுலுவைப் பார்க்க வேண்டும். தமிழக எல்லையில் காவிரியின் வரத்தை மத்திய நீர்வள ஆணையம் அங்கேதான் அளக்கிறது. விநாடிக்கு ஒரு கன அடி என்றால் சுமார் 28 லிட்டர். செய்தியில் ஒரு லட்சம் கன அடி என்று படித்தால், கண்மூடித் திறப்பதற்குள் 28 லட்சம் லிட்டர் கடந்துபோகிறது என்று பொருள். 2018 ஆகஸ்டில் காவிரியில் வரத்து இரண்டு லட்சத்தையும் தாண்டியது. அந்த வெள்ளத்தில்தான் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துப்போயின.

அப்படிப்பட்ட நாளில் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடுவதை யாரும் குறை சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறக்கும் தண்ணீர் பிலிகுண்டுலுவை எட்ட ஏறத்தாழ இரண்டு நாள் ஆகிறது. அந்த இரண்டு நாள் பொன்னான அவகாசம். எந்த அளவில் எந்தத் துறை மூடப்படும், எந்த அளவில் திறக்கும் என்பதை முன்பே பலகையில் எழுதி வைத்தால், சின்னாறு, கோத்திக்கல், மாமரத்துக்கடவு, ஊட்டமலை என ஒவ்வொரு துறையிலும் பரிசல் ஓட்டி தன் வாரத்தைத் திட்டமிட முடியும். ஒரு துறையின் பாறையும் சுழலும் வேறு, இன்னொரு துறையின் அமைதி வேறு. மொத்தமாக ஒரே உத்தரவில் மூடுவது நிர்வாகத்துக்கு எளிது. கூலியை இழக்கிறவருக்கு எளிதல்ல.

முன்னறிவிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே பியாஸ் ஆறு சாட்சி. 2014 ஜூன் 8 அன்று லார்ஜி அணையிலிருந்து திடீரென விடப்பட்ட தண்ணீரில், ஆற்றுப் பாறைகளில் நின்றிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் அவசரகாலத் திட்டத்தையும் எச்சரிக்கை ஏற்பாட்டையும் அணை உரிமையாளரின் கடமையாக்கியிருக்கிறது. படகுத்துறையில் சங்கு ஒலிப்பதும் அந்தக் கடமைக்குள் அடங்க வேண்டும்.

மேட்டூருக்குக் கீழே பிரச்சினை இன்னொரு வடிவம் எடுக்கிறது. பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே விசைப்படகு ஓடுவதே கதவணையில் நீர் தேங்கி நிற்பதால்தான். மின் உற்பத்திக்காகக் கட்டிய கதவணை மக்களுக்கு ஒரு நல்ல படகுவழியைத் தந்தது. வெள்ளம் திறந்தால் படகு நிற்கும். பராமரிப்புக்காகக் கதவணையை வடித்தாலும் நிற்கும். இரண்டாவது காரணம் இயற்கை அல்ல, அலுவலக நாட்காட்டி. அதை ஒரு மாதம் முன்னால் இரு கரையிலும் ஒட்டிவைக்க ஒரு தாளும் பசையும் போதும்.

நீலகிரி மாவட்டத்துத் தெங்குமரஹடாவில் நிலைமை இன்னும் கடுமை. பேருந்து மாயாற்றின் கரையோடு நின்றுவிடும், அப்புறம் பரிசல். மேலே மழை கொட்டி பைக்காரா அணை திறந்தால் மாயாறு சீறும். பிரசவ வலி வந்தவரும் காய்ச்சல்காரரும் அக்கரையில் காத்திருக்க வேண்டியதுதான். புலிகள் காப்பகத்திலிருந்து அந்த ஊரையே இடம் மாற்றும் பேச்சும் இழப்பீட்டுப் பேச்சும் நடக்கின்றன. அது முடியும் வரை அங்கே இருப்பவர்களுக்குப் பரிசல் துறைதான் சாலை. சாலையைப் பராமரிப்பது போல் அதைப் பராமரிக்க வேண்டாமா?

வெளியூரில் எப்படி?

அமெரிக்காவில் தனியார் நீர்மின் அணைக்கு உரிமம் காலவரையறையோடுதான் கிடைக்கும், பெரும்பாலும் 30 முதல் 50 ஆண்டு. புதுப்பிக்கும்போது படகோட்டிகளும் மீன்பிடிப்பவர்களும் நேரே வந்து நிபந்தனை கேட்கலாம். மின்சாரத்தோடு மீனையும் பொழுதுபோக்கையும் சமமாக எடைபோட வேண்டும் என்று 1986-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மாசசூசெட்ஸின் டியர்ஃபீல்டு ஆற்றில் அப்படிப் பேசித்தான் படகுக்காகத் தண்ணீர் விடும் நாட்களை வாங்கினார்கள். ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் உள்நாட்டு நீர்நிலைகளை அணுகலாம் என்றே எழுதிவிட்டது.

நம்மிடம் அணைகள் பெரும்பாலும் அரசினுடையவை, உரிமம் காலாவதியாகிப் பேச்சுவார்த்தைக்கு வரும் தருணம் கிடையாது. அதனால் பேச வேண்டிய தருணம் கட்டும்போதுதான்.

காரியாபட்டி எதைக் கேட்க வேண்டும்?

இணைப்புத் திட்டத்தின் கடைசிக் கட்டம் வைகையிலிருந்து குண்டாறு வரை சுமார் 34 கிலோமீட்டர். கால்வாய் வெட்டும்போது ஊருக்கும் காட்டுக்கும் இடையே உள்ள வண்டிப்பாதைகள் அறுபடும். கான்கிரீட் பூசிய வழுக்குச் சரிவில் ஆடு விழுந்தாலும் ஆள் விழுந்தாலும் ஏறிவரப் பிடிமானம் இருக்காது. படித்துறையும், கால்நடை இறங்கி ஏறும் சரிவும், கடக்கும் பாலமும் வரைபடத்திலேயே இருந்தால் செலவு சொற்பம். கட்டி முடித்த பிறகு கேட்டால் மதிப்பீடு, நிதி ஒதுக்கீடு, டெண்டர் என்று ஆண்டுகள் ஓடும்.

குண்டாற்றங்கரை ஊர்களும் கண்மாய்க்கரை ஊர்களும் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் வாங்கி, நீருக்கு இறங்கும் பாதை எந்த சர்வே எண்ணில் வருகிறது, அது வண்டிப்பாதை என்று பதிவாகியிருக்கிறதா, பட்டாவுக்குள் போய்விட்டதா என்று பாருங்கள். கிடைக்காத தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதிவாகாத பாதை இருந்தால், மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று நடக்கும் கிராம சபையில் சர்வே எண்ணோடும் அகலத்தோடும் தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலை ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகை ரசீது வாங்கி வையுங்கள். தீர்மானத்தில் "துறை வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த இடம், எத்தனை அடி அகலம், எந்த நீர்மட்டம் வரை என்று எழுதுங்கள். நில அளவையர் வந்து சங்கிலி பிடிக்கும்போது அந்த மூன்று விவரமும்தான் அவருக்குத் தேவைப்படும்.